மெதுவான நெட்டில் பழைய டெபியனைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏன்டா தம்பி, நேத்து ராத்திரி 600 எம்பி இறங்குன நேரத்துல நெட்டு போயிடுச்சு. அவ்வளவும் போச்சா?"

நீடாமங்கலம் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கும் சித்தப்பா காலையில் போன் செய்து கேட்டார். கடைக் கணினியில் 2019-ல் வெளிவந்த டெபியன் 10. விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம் அது. அதைப் புதுப்பிக்கத்தான் ராத்திரி இறக்கவிட்டிருந்தார். அதற்கான நீண்டகால ஆதரவும் 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. அந்தத் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. போனை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டால் 2 எம்பிபிஎஸ் கிடைக்கும். 1 ஜிபி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"ஒண்ணும் போகல சித்தப்பா, அப்படியே இருக்கு" என்றேன். டெபியனில் மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி 'ஆப்ட்'. அது இறக்கிய ஒவ்வொரு பேக்கேஜும் (மென்பொருள் பொதியும்) வட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். பாதியில் நின்ற கோப்பும் 'பார்ஷியல்' கோப்புறையில் காத்திருக்கும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பலர் செய்யும் முதல் தவறு, இந்த இடத்தில் பதறிப்போய் 'ஆப்ட் கிளீன்' அடிப்பது. இரண்டு ராத்திரி சேர்த்ததை ஒரு நொடியில் அழித்துவிடும் கட்டளை அது.

இறக்குவது ஒரு வேலை, நிறுவுவது இன்னொரு வேலை. இறக்கும்போது நெட் போனால் நஷ்டம் எதுவும் இல்லை. நிறுவும்போது கரண்ட் போனால்தான் ஆபத்து. இரண்டையும் ஒரே மூச்சில் ஓடவிடுவதுதான் நம் ஊர் நிலைமைக்குப் பொருந்தாத பெரிய தவறு. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிவிட்டுப் படுத்தால் இறக்கம் இரண்டு மணிக்கு முடியும், உடனே நிறுவல் தொடங்கும், நடுவில் "இந்த அமைப்புக் கோப்பை மாற்றவா, பழையதையே வைக்கவா" என்று கேட்டுவிட்டு நிற்கும். பதில் சொல்ல ஆள் இல்லை. நாலு மணிக்குக் கரண்ட் போகும்.

எனக்கே ஒருமுறை இப்படி நடந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கருப்புத் திரையும் மின்னும் கர்சரும்தான். ரெக்கவரி மோடில் நுழைந்து, பேக்கேஜ்களை நிறுவும் 'டிபிகேஜி' கட்டளையோடு 'கான்ஃபிகர்', 'ஏ' என்ற விருப்பங்களைக் கொடுத்ததும் பாதியில் நின்ற பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாகச் சரியாகத் தொடங்கின. பிறகு மிச்சச் சிக்கலைச் சரிசெய்ய 'ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன்'. கணினி பிழைத்தது, ஆனால் ஒரு பகல் முழுவதும் போயிற்று. அதனால் இப்போதெல்லாம், எல்லாவற்றையும் மேம்படுத்தும் 'ஃபுல்-அப்கிரேட்' கட்டளையோடு 'டவுன்லோட்-ஒன்லி' விருப்பத்தைச் சேர்த்து இறக்கத்தை மட்டும் முடிக்கிறேன். எத்தனை ராத்திரி ஆனாலும் ஆகட்டும். நிறுவுவது பகலில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேர இடைவெளியிலேயே மேசைக் கணினி அணைந்து மறுபடி எழும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, முக்கியமான கோப்பு எதுவும் திறந்திராத நேரத்தில் மெயினை ஒருமுறை அணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்த பிறகு வாரக்கணக்கில் இருட்டில் இருந்த ஊர்கள் நம்முடையவை.

அடுத்த தவறு, 10-லிருந்து நேராக 12-க்குத் தாவுவது. ஒரு பதிப்பு மிச்சமானால் டேட்டா மிச்சம் என்று தோன்றும். டெபியன் ஒவ்வொரு படியாகத்தான் ஏறச் சொல்கிறது: 10, 11, பிறகு 12. தாவினால் ஒன்றையொன்று நம்பியிருக்கும் சார்பு பேக்கேஜ்கள் சிக்கிக்கொள்ளும், சிக்கலை எடுக்க இன்னும் அதிகமாக இறக்க வேண்டிவரும். எங்கிருந்து இறக்க வேண்டும் என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் சோர்சஸ் பட்டியலில் பதிப்பின் பெயரை ('பஸ்டர்' என்றால் 10, 'புல்ஸ்ஐ' என்றால் 11) மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பதும் தவறு. 10-ல் பாதுகாப்புக்கான வரி 'பஸ்டர்/அப்டேட்ஸ்' என்று இருக்கும். 11-ல் அது 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' என்று வடிவமே மாறிவிட்டது.

12-க்குப் போகும்போது இன்னொன்று. வைஃபை போன்ற வன்பொருள் இயங்கத் தேவையான மென்பொருளான ஃபர்ம்வேர், 'நான்-ஃப்ரீ' பிரிவிலிருந்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டது. அதைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் புது ஃபர்ம்வேர் வந்து சேராது. ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவருக்கு வைஃபை நின்றால் அதைச் சரிசெய்யும் வழியும் சேர்ந்தே அடைபடும். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் எடுக்கும் 'டெதரிங்' வேலை செய்கிறதா என்று முன்னாலேயே பார்த்து வைப்பது நல்லது.

சம்மதம் என்று 'ஒய்' அழுத்தும் முன் திரையில் எத்தனை எம்பி இறங்கும் என்று காட்டும் வரியைப் படிக்காமல் விடாதீர்கள். அன்றாட 1.5 ஜிபி தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு விழும். அந்த வேகத்தில் 100 எம்பிக்கே மூன்றரை மணி நேரம் பிடிக்கும். அந்த எண்ணைக் குறைக்க வழி உண்டு: பயன்படுத்தாததை முதலிலேயே நீக்குவது. சித்தப்பா கணினியில் விளையாட்டுகள், எவரோ எப்போதோ போட்ட டெக்ஸ்லைவ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள், அதன் ஆவணங்கள் எல்லாம் இருந்தன. எடுத்ததும் இறக்க வேண்டியது கணிசமாகக் குறைந்தது. வட்டில் இடமும் கிடைத்தது.

புதிதாகவே நிறுவிவிடலாம் என்பவர்கள் 'நெட்இன்ஸ்ட்' ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) எடுப்பார்கள், அளவு சிறியதாக இருக்கிறதே என்று. அதில் அடிப்படை மட்டும்தான் இருக்கும். டெஸ்க்டாப் முழுவதையும் நிறுவும் நேரத்தில் நெட்டிலிருந்துதான் இழுக்கும். நமக்கு உகந்தது கிட்டத்தட்ட 4 ஜிபி உள்ள முதல் டிவிடி ஐஎஸ்ஓ. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஃபைபர் உள்ள உறவினர் வீட்டில் டாரன்ட் வழியாக இறக்கி, கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிட்டுப் பென்டிரைவில் கொண்டு வரலாம். ஒப்பிடாமல் எழுதி, நிறுவல் 70 சதவீதத்தில் நின்று, மறுபடி பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

டெபியனிலிருந்து பிறந்த இன்னொரு லினக்ஸான உபுண்டுவை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. 22.04 பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸ், ஆப்ட்டுக்கு வெளியே தனியாக இறங்கும் 'ஸ்னாப்' வடிவில் வருகிறது. மேம்படுத்தும்போது அது நிறுவலின் நடுவில்தான் இறங்கும். எல்லாம் இறங்கிவிட்டதே என்று அந்த நேரத்தில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடாதீர்கள்.

பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போயிருந்தால், பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் 'அப்டேட்' கட்டளையே பிழை காட்டும். சர்வர் மேல் சந்தேகப்படும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். 32-பிட் கணினி என்றால் 12 தான் கடைசி. 13-ல் அதற்கான நிறுவியே இல்லை.

சித்தப்பாவுக்கு 11-க்கான இறக்கம் மூன்றாம் ராத்திரி முடிந்தது. நிறுவும் முன், ஆப்ட் இறக்கியதைச் சேமித்து வைக்கும் ஆர்கைவ்ஸ் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், நிறுவி முடித்ததும் 'ஆப்ட்' அவற்றை அழித்துவிடும். குடோனிலும் அதே டெபியன் 10 ஓடும் இன்னொரு கணினி இருக்கிறது. அதன் சோர்சஸ் பட்டியலை மாற்றி 'அப்டேட்' கொடுத்து, அந்தக் கோப்புகளை ஆர்கைவ்ஸ் கோப்புறையில் போட்டுவிட்டு 'ஃபுல்-அப்கிரேட்' கொடுத்தோம். திரையைப் பார்த்த சித்தப்பா, "40 எம்பிதான் கேக்குதுடா" என்றார்.