சுவரில் மாட்டினால் மட்டும் கண்காட்சி ஆகிவிடாது: வரைகலை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியின் ஆண்டிறுதி வடிவமைப்புக் கண்காட்சிக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது மாணவர்களின் வேலை அல்ல, வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ். தாளாளர், முதல்வர், சிறப்பு விருந்தினர் ஆகியோரின் படங்கள் ஆளுயரத்தில் இருக்கும். பின்னணி நீலத்தில் தொடங்கி ஊதாவில் முடியும். கண்காட்சியின் பெயர் மூன்று வேறு எழுத்துருக்களில் இருக்கும்; தேதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த ஒரு கோப்பில் பெயர்களை மட்டும் மாற்றிக் கடையில் அடித்துக் கொடுத்தது அது. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதை அவர் கொடுத்தார். எழுத்தையும் வண்ணத்தையும் மூன்று ஆண்டுகள் படித்தவர்கள் தங்கள் கண்காட்சியின் முகப்பையே கைகழுவிவிட்டதுதான் வேடிக்கை.

தமிழ்நாட்டில் வரைகலையும் காட்சித் தொடர்பியலும் படிக்கும் மாணவர்களின் கண்காட்சிகளில் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து வருகின்றன. கணினியில் கோப்பைச் சேமித்ததும் வடிவமைப்பு முடிந்துவிட்டது, அச்சடிப்பது, ஒட்டுவது, பெயர்ச்சீட்டு எழுதுவது எல்லாம் எடுபிடி வேலை என்ற நினைப்பு அது. சுவரின் அளவு, பார்ப்பவர் நிற்கும் தூரம், குழல்விளக்கின் வெளிச்சம், தாளின் பளபளப்பு ஆகிய நான்கையும் தீர்மானிக்காதவர் வேலையைப் பாதியில் விட்டவர்.

எல்லாவற்றையும் மாட்டுவது

‘யாரையும் விட்டுவிடக் கூடாது’ என்ற நல்லெண்ணத்தில் ஒவ்வொரு மாணவரும் செய்த அத்தனை லோகோவும் போஸ்டரும் சுவரேறிவிடும். பார்ப்பவர் பத்தாவது போஸ்டரில் களைத்துவிடுவார். ஒருவருக்கு ஒரு வேலை, அதோடு அந்த வேலைக்காகப் போட்டுக் கழித்த கோட்டுப்படங்கள் நான்கைந்து. இதுவே போதும், இதுவே சிறந்தது. வேலை தேடும் மாணவரின் சுவர் முன்னால் நிற்கும் நிறுவனக்காரர் அறிய விரும்புவது, எதை ஏன் விலக்கினார் என்பதைத்தான். முடிந்த வேலையை மட்டும் காட்டினால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

காபிக் கோப்பை, துணிப்பை, கடைப்பலகை என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாக்அப் படங்களில் லோகோவைப் பொருத்திக் காட்டும் வழக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். ஒரே அறையில் ஆறு மாணவர்களின் லோகோ அதே கோப்பையில், அதே நிழலோடு இருக்கும். உண்மையான ஒரு பையில் அச்சடித்து ஆணியில் தொங்கவிடுங்கள். மை துணியில் எப்படி இறங்குகிறது, தையல் எழுத்தை எங்கே வெட்டுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

எதுவும் சொல்லாத விளக்கச் சீட்டு

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மாணவி அதற்குப் புதிய உறை வடிவமைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு இப்படி இருக்கும்: ‘பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் இந்த வடிவமைப்பு, மண்ணின் மணத்தை உலகுக்கு எடுத்துச் செல்கிறது.’ இந்த வாக்கியத்தைக் கருப்பட்டிக்கும் ஒட்டலாம், கைத்தறிச் சேலைக்கும் ஒட்டலாம். அதுதான் அதன் குறை.

அவர் எழுதியிருக்க வேண்டியது: ‘வெயிலில் வெல்லப்பாகு இளகி உறையில் ஒட்டிக்கொள்கிறது, அதனால் உள்ளே எண்ணெய் ஊறாத தாள். கடைக்காரருக்கு அச்சுச் செலவு கட்டுப்படியாக வேண்டும்; அதனால் இரண்டே வண்ணம். பஸ் ஜன்னல் வழியாக வாங்குபவர் இரண்டு விநாடியில் படிக்க வேண்டும்; அதனால் பெயர் உறையின் பாதியை எடுத்துக்கொள்கிறது.’ மூன்று வாக்கியம், மூன்று காரணம். அதற்கு மேல் ஒரு சொல்கூடத் தேவையில்லை.

அதே மாணவி வண்ணங்களுக்கும் அலங்காரத்துக்கும் பின்டரெஸ்ட் என்ற படத் தொகுப்பு இணையதளத்தை மட்டும் புரட்டியிருந்தால் இன்னொரு தவறு. தென்னிந்திய வீடுகளின் சுவர்களை நிறைத்த காலண்டர் ஓவியங்களின் முன்னோடி கொண்டையராஜு வாழ்ந்து வேலை செய்த ஊர் அதே கோவில்பட்டி. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை பக்கத்திலுள்ள சிவகாசி அச்சகங்கள் வழியாக ஊரெங்கும் போயின. அந்தச் சிவப்பும் மஞ்சளும் மாணவியின் மிட்டாய்க்கு வேண்டாமலும் போகலாம். ஆனால் தெரிந்து விலக்குவது வேறு, தெரியாமல் விடுவது வேறு. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் இருக்கின்றன. ஒரு நாள் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்தால் தலைப்பெழுத்து பற்றிய எண்ணமே மாறிவிடும்.

தமிழ் எழுத்தில் நடக்கும் விபத்துகள்

ஆங்கில எழுத்தின் இடைவெளியை நூலளவில் சரிசெய்யும் மாணவர் தமிழுக்கு வரும்போது கிடைத்ததை ஒட்டிவிடுகிறார். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் குறியீடு, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் முறை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வரி, அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்வதே வழி. ஆனால் யூனிகோடுக்கும் ஒரு கண்ணி உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கெ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடக்கூடும். சில நேரம் புள்ளிவட்டம் ஒன்றும் துணைக்கு வரும். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவற்றிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு இருக்கிறது. அதை ஒருமுறை தேடி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து சரியாக வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் அதைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும்.

அடுத்தது இடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது ஒரு பாணி. அதையே தமிழுக்குச் செய்தால் ‘கொ’ என்ற ஓர் எழுத்து மூன்று துண்டாகச் சிதறும். கொம்பும் காலும் உதிரிகளாகிவிடும். வரிகளுக்கிடையிலும் கவனம் வேண்டும். மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘மூ’வின் வளைவு, மென்பொருள் தானாகத் தரும் 120 விழுக்காடு வரியிடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். கூட்டி வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒடுக்கமான பத்தியில் இருபுறமும் சமமாக நிரப்பச் சொன்னால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். இடது பக்கம் மட்டும் சீராக விட்டாலே போதும்.

தடித்த எழுத்துரு இல்லையென்று விளிம்புக்கோடு ஏற்றித் தடிப்பாக்குவது இன்னொரு பழக்கம். ‘ஞ’, ‘ணை’, ‘ஐ’ ஆகியவற்றின் உள்வெளி அடைத்துக்கொண்டு மைத்திட்டாகிவிடும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், பலூ தம்பி என்று பல தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் கண்காட்சிக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

பழங்காலச் சாயலில் போஸ்டர் செய்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘றா’ போன்றவை இன்றைய வடிவத்துக்குப் பரவலாக வந்தது 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான். அதற்கு முன் ஐகாரம் சில எழுத்துகளின் தலையில் தும்பிக்கை போல வளைந்து ஏறியிருக்கும். 1950களின் நாடக நோட்டீஸ் என்று சொல்லிவிட்டு அதில் புதிய ‘லை’யைப் போட்டால், தாளுக்கு எவ்வளவு பழுப்பேற்றினாலும் தேறாது.

பிழைதிருத்தமும் உண்டு. ‘வடிவமைப்பு கண்காட்சி’ என்று நாலடி அகலத்தில் எழுதிவிட்டு ‘க்’ எங்கே என்று யாராவது கேட்கும்போது விழிக்க வேண்டாம். கல்லூரியில் தமிழ்த்துறை என்று ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. படம் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உருவாக்கும் ‘தமிழ்’ எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். பல நேரம் தூரத்தில் தமிழ் போலத் தெரியும், கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை.

அச்சகத்துக்கு முதல் நாள் இரவு ஓடுவது

திரையில் ஒளிரும் பச்சையும் மின்னும் ஊதாவும் நான்கு வண்ண மையில் அப்படியே கிடைப்பதில்லை. திரைக்கான ஆர்ஜிபி வண்ண முறையில் உள்ள கோப்பை அப்படியே கொடுத்துவிட்டு ‘அச்சகம் நிறத்தைக் கெடுத்துவிட்டது’ என்று புலம்புவது ஆண்டுதோறும் நடக்கிறது. அச்சுக்கான நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிப் பார்த்து, சிறிய அளவில் ஒரு மாதிரி அடித்து, கண்காட்சி நடக்கும் அறையின் வெளிச்சத்திலேயே வைத்துப் பாருங்கள். ஓரம் வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும்.

அளவுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். ஏ1 தாள் 594க்கு 841 மி.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் படம் 7016க்கு 9933 பிக்ஸல் இருக்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு 150 புள்ளியே தாங்கும். ஆனால் இன்ஸ்டாகிராமுக்குச் செய்த 1080 பிக்ஸல் அகலப் படத்தை ஏ1இல் இழுத்தால் அங்குலத்துக்குக் கிடைப்பது 46 புள்ளி. மங்கலாகத்தான் வரும்.

பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். குழல்விளக்கு அதில் வெள்ளைக் கோடாக விழுந்து பாதி எழுத்தை மறைக்கும்.

மாட்டும் உயரம் பெரும்பாலும் ஏணியில் ஏறியவரின் வசதியைப் பொறுத்து அமைகிறது. பார்ப்பவரின் கண்மட்டம்தான் கணக்கு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். அளவு வேறுபட்ட படங்களையும் அந்த நடுக்கோட்டில் நிறுத்தினால் சுவர் ஒழுங்குக்கு வரும். விளக்கச் சீட்டில் எழுத்தின் அளவு 18 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். பாராட்ட வரும் பெற்றோர்களில் பாதிப்பேர் வாசிப்புக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள். படம் ஒட்டிய சன்போர்டு என்ற நுரைப்பலகையை வெறும் இருபக்க டேப்பில் நம்பி விட்டால், கடலோர ஊரின் ஈரக்காற்றில் விடிவதற்குள் தரையில் கிடக்கும். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் டேப்போடு அதுவும் வரும். கம்பி கட்டித் தொங்கவிடுவதோ மரச்சட்டம் வைப்பதோ பாதுகாப்பு.

இன்னொன்று, திறப்பு விழாவுக்கென்று படங்களுக்கு முன்னாலேயே நாற்காலி வரிசை போட்டுவிடுவது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடியும்போது விருந்தினருக்கு நேரமாகிவிடும். சுவரைப் பார்க்காமலே காரில் ஏறிவிடுவார். விழா வேறோர் அறையில் நடக்கட்டும், அல்லது பேச்சுக்கு முன் சுவரைச் சுற்றி அழைத்துப் போங்கள். அழைப்பிதழும் பேராசிரியர்களோடு நின்றுவிடக் கூடாது. உள்ளூர் அச்சகக்காரர், பதிப்பாளர், கடைக்காரர் வந்தால்தான் அடுத்த வேலை வரும்.

பயிலரங்குகளில்

நூற்றைம்பது பேரை அரங்கில் உட்காரவைத்து ஒருவர் திரையில் மென்பொருளை ஓட்டிக் காட்டினால் அது சொற்பொழிவு. கையில் பொருள் இல்லாமல் பயிலரங்கு இல்லை. ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மேசைக்கும் வந்து திருத்தக்கூடிய எண்ணிக்கையில் ஆட்களைச் சேருங்கள். சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்களை இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடே பாதி வடிகட்டிவிடும். மாலையில் எல்லோருடைய வேலையும் வந்தவரின் பாணியிலேயே இருந்தால், மாணவர்கள் படியெடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். நடத்துபவர் தன் பாணியைக் கற்பிக்காமல் ஒரு கட்டுப்பாட்டைக் கொடுப்பது நல்லது: இரண்டு வண்ணம், ஒரு எழுத்துரு, ஒரு உண்மையான வாடிக்கையாளர்.

பலகை எழுதும் ஓவியர்களைப் பயிலரங்குக்கு அழைக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அவரை இருபது நிமிடம் தூரிகை பிடிக்கவைத்து, செல்போனில் படமெடுத்து, ஒரு நினைவுப் பரிசோடு அனுப்பிவிடுவது அவமதிப்பு. நகரத்திலிருந்து வந்த வடிவமைப்பாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் தர வேண்டும். அவர் எழுதிக் காட்டிய எழுத்துகளைக் கேட்காமல் எழுத்துருவாக்கிப் போர்ட்ஃபோலியோவில், அதாவது தன் வேலைத் தொகுப்பில், வைத்துக்கொள்வது திருட்டு. வேறு பெயர் அதற்கு இல்லை. முறையாகச் செய்ய வழியும் இருக்கிறது. வடிவமைப்பாளர் ஹனிஃப் குரேஷி தொடங்கிய ‘ஹேண்ட்பெயின்டட் டைப்’ முயற்சியில் தெருவோரப் பலகை ஓவியர்களின் எழுத்துகள் அவரவர் பெயரிலேயே எழுத்துருக்களாகின.

கடைசியாக, ஆவணம். கண்காட்சியை மூன்றாம் நாள் கழற்றிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் விருந்தினரோடு எடுத்த குழுப்படங்கள்தான். திறப்பு நாள் காலையில், கூட்டம் வருவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று ஒரு படம், ஒவ்வொரு வேலையையும் தனியாக ஒரு படம், விளக்கச் சீட்டைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கோப்பின் பெயரில் மாணவர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். துறையின் கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி.