கரடுமுரடான கல் டைல்ஸுக்கு கிரவுட் போடுவது எப்படி?

வழவழப்பான டைல்ஸ் என்றால் கிரவுட்டை (டைல்களுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கும் கலவை) ரப்பர் கரண்டியால் சுவர் முழுக்க இழுத்துத் தேய்த்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் வேலை முடிந்தது. கல் மாதிரி மேடுபள்ளமாக இருக்கும் டைல்ஸில் அப்படிச் செய்யாதீர்கள். நான் செய்தேன். குழிக்குக் குழி கிரவுட் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் சாயங்காலம் பழைய டூத்பிரஷ்ஷும் கையுமாகச் சுவர் முன்னால் கழிந்தது. இந்த டைல்ஸுக்கு கிரவுட்டைப் பூசக் கூடாது, இடுக்குக்குள் பிழிய வேண்டும்.

முதலில், டைல்ஸ் ஒட்டி 24 மணி நேரமாவது ஆகட்டும். இடுக்கில் பிதுங்கி நிற்கும் பசையைச் சுரண்டி, தூசியைத் தட்டிவிடுங்கள். டைல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். அதை உறிஞ்சி அந்த இடம் கறுத்தால், சீலர் (டைல் எதையும் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) ஒரு கோட் அடித்துக் காயவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

இடுக்கு 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் மணல் கலந்த கிரவுட் வாங்குங்கள். ஓரம் நேராக இல்லாத இந்த வகைக்குப் பெரும்பாலும் அதுதான். டைலின் நிறத்துக்கு நெருங்கிய நிறமே நல்லது. எடுப்பான நிறம் ஒவ்வொரு கோணலையும் காட்டிக்கொடுத்துவிடும். எபாக்ஸி (பிசின் வகை) கிரவுட் பக்கம் போக வேண்டாம். சொரசொரப்பில் ஒட்டிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். பையில் எழுதியிருக்கும் அளவை மீற வேண்டாம். பற்பசைப் பதம் வந்ததும் 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி கிளறுங்கள். அதற்கப்புறம் இறுகுகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் வலுவும் போகும், நிறமும் திட்டுத்திட்டாகும். அதனால் கொஞ்சமாகவே கலக்குங்கள்.

கலவையைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் நிரப்பி, மூலையை இடுக்கின் அகலத்துக்கு வெட்டுங்கள். நுனியை இடுக்குக்குள் வைத்து, அடிவரை இறங்கும்படி அழுத்திப் பிழியுங்கள். கொஞ்சம் புடைத்து நின்றால் நல்லதுதான். டைல் மேல் சிந்தினால் உடனே துடைக்கக் கை பரபரக்கும், துடைக்காதீர்கள். ஈரத்தில் தேய்த்தால் குழிக்குள் போய்விடும். இறுகியதும் தட்டினாலே உதிரும்.

இனி காத்திருக்க வேண்டும். 20, 30 நிமிடம் கழித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் உருண்டை முனைக் குச்சியால் இடுக்கை அழுத்தி இழுங்கள். ஒரு டைல் துருத்தி, பக்கத்து டைல் உள்வாங்கி இருந்தால் தாழ்ந்த ஓரத்தின் மட்டத்துக்கே கிரவுட் நிற்கட்டும். மேட்டுக்குச் சரிக்கட்டப் போனால் தாழ்ந்த டைலின் ஓரம் கிரவுட்டில் மூழ்கிவிடும். உதிரிகளை நைலான் பிரஷ்ஷால் தள்ளுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம், கறை விழும்.

கடைசியாக, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒரு முறை ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிந்தால் காய்ந்த துணி போதும். சுவரும் சுவரும் சேரும் மூலையிலும், சமையல் மேடையோடு சேரும் இடத்திலும் கிரவுட் போடாமல் காலியாக விடுங்கள். அங்கே அசைவு இருக்கும், கிரவுட் விரிசல் விடும். எல்லாம் காய்ந்த பிறகு அதே நிற சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம்.