படையிலிருந்து பயணிகள் விமானத்துக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சில தம்பிகள் வருவார்கள். விமானப்படையை விட்டு வந்து ஏர்லைன்ஸில் சேர்ந்தவர்கள், சேரக் காத்திருப்பவர்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான். படையில் ஏஎன்-32 சரக்கு விமானம் ஓட்டினேன், அப்புறம் ஓய்வு பெறும்வரை பயணிகள் விமானம்.

போன வாரம், சமீபத்தில் கேப்டனான ஒரு தம்பி சொன்னான்: "சார், இறங்கும்போது ஆயிரம் அடியில, வர வேண்டிய சரிவைவிட ரொம்ப உயரமா இருந்தேன். ஆனா பிடிச்சு இறக்கிட்டேன்." முகத்தில் அத்தனை பெருமை. நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு முன் இதே வார்த்தையை இதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குப் போ, செக்லிஸ்ட்டை ஒழுங்காகப் படி என்பதையெல்லாம் படையில் இருந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

லாக்புக்கை வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது

படையில் பறந்த மணிநேரம் தானாக லைசென்ஸ் ஆகிவிடாது. ஒவ்வொரு மணிக்கும் முறையான சான்று வேண்டும். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை எழுதி 70 சதவீதம் எடுக்க வேண்டும். கேப்டனாகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸ் வாங்க 1500 மணிநேரம் வேண்டும். போர் விமானத்தில் ஒரு தடவை ஏறினால் ஒரு மணிநேரம் சேர்வதே பெரிது, அதனால் அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கணக்கு இன்னும் இழுக்கும். வெளியே வந்த பிறகு பழைய ஸ்குவாட்ரனுக்குக் கடிதம் போட்டு, ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷார்ட் சர்வீஸ் என்ற குறுகிய காலப் பணியில் 14 வருடம் முடித்து வருபவருக்குப் பென்ஷனும் கிடையாது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சேமிப்பிலிருந்துதான் போகும். சீருடையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

பிடித்து இறக்குவது

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வடகிழக்கு மலைகளில் சில தளங்கள் பள்ளத்தாக்குக்குள் இருக்கும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் விமானத்தைத் திருப்ப இடமே இருக்காது, இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே அது சரியான புத்தி. கீழே அரிசிக்கும் மருந்துக்கும் ஆட்கள் காத்திருப்பார்கள். அந்தப் புத்தியை அப்படியே மீனம்பாக்கத்துக்குத் தூக்கி வந்ததுதான் நான் செய்த தவறு.

கேப்டனான முதல் வருடம், மே மாதம், போர்ட் பிளேரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். நடுப்பகல். கடல் பக்கமிருந்து நேராக வந்து 25ஆம் ரன்வேயில் இறங்குவதாகத் திட்டம். இதில் எனக்கு மன்னிப்பே இல்லாத ஒரு விஷயம் உண்டு. நான் காசிமேட்டில் வளர்ந்தவன். விடியலில் கரைக்காற்று படகைக் கடலுக்குத் தள்ளும், வெயில் ஏறி மண் சூடானதும் கடற்காற்று கிளம்பிக் கரைக்குத் தள்ளும் என்று என் பெரியப்பா படகில் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தந்திருக்கிறார். அன்று அந்தக் காற்று எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. டவரில் கேட்டார்கள், "07க்கு மாறிக்கொள்கிறீர்களா? பத்து நிமிடம் கூடுதலாகும்." 07 என்பது அதே ரன்வேயின் எதிர்முனை, அங்கிருந்து இறங்கினால் காற்று எதிரே இருக்கும். வேண்டாம் என்றேன்.

பின்காற்று என்ன செய்யும்? வழக்கமான 3 டிகிரி சரிவில், தரைவேகம் 140 நாட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்கினால் போதும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் தரைவேகம் கூடும், அதே சரிவில் வர இன்னும் வேகமாக இறங்க வேண்டும். மூக்கைக் கீழே சாய்த்தால் வேகம் ஏறும். வேகத்தைக் குறைக்கப் பார்த்தால் உயரம் மிஞ்சும். ஆயிரம் அடியில் நான் நிமிடத்துக்கு 1300 அடி இறங்கிக்கொண்டிருந்தேன், இன்ஜின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில். அந்த உயரத்தில் சக்கரம், ஃபிளாப், வேகம், இன்ஜின் எல்லாம் நிலைக்கு வந்திருக்க வேண்டும், இறங்கும் வேகம் ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் இருந்த துணை விமானி சின்னப் பெண், "அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்" என்று தெளிவாகச் சொன்னாள். நிலைக்கு வரவில்லை, இறங்காமல் மறுபடி மேலே ஏறு என்று அர்த்தம். "சரியாயிடும்" என்றேன். மறுபடி சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

இறங்கிவிட்டோம். தரைவேகம் 10 சதவீதம் கூடினாலே, நிறுத்தவேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். பிரேக்கை முழுதாக அழுத்தி, ரன்வேயின் கடைசிப் பகுதியில்தான் திரும்ப முடிந்தது. பயணிகளில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. இறங்கும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் பேப்பர்களில் கையெழுத்து போட்டாள். விமானத்தின் பதிவுக் கருவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. என்னைச் சிமுலேட்டருக்கு அனுப்பினார்கள். அனுப்பியது சரி. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளை நினைத்தால்தான் இன்றும் கோபம் வருகிறது.

2010 மே 22, மங்களூர். உயரம் மிஞ்சி, வேகம் மிஞ்சி வந்த விமானம். துணை விமானி மூன்று தடவை கோ-அரவுண்ட் சொன்னது விசாரணையில் வந்தது. 158 பேர் போனார்கள். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கேட்டது அந்தச் சின்னப் பெண்ணின் குரல்தான்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "டிலே ஆகும், எரிபொருள் போகும், கேள்வி கேப்பாங்களே சார்" என்றான். தம்பி, மேலே போய் ஒரு சுற்று சுற்றிவர எரிபொருள் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீ முடித்துத் தரவேண்டிய மிஷன் எதுவும் கிடையாது. பக்கத்து சீட்டிலிருந்து "கோ-அரவுண்ட்" என்று குரல் வந்தால் அது யோசனை இல்லை, கட்டளை. கை முதலில் இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளட்டும். காரணத்தை மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

ராங்க்

விமான நிலைய வாசலுக்கு வெளியே கழற்றி வையுங்கள்.

மவுத்வாஷ்

வேண்டாம், பறக்கும் முன் நடக்கும் மதுச் சோதனையில் காட்டிவிடும். ஆல்கஹால் கலந்தது கூடாது என்று 2023லேயே விதியில் எழுதிவிட்டார்கள். இருமல் மருந்துக்கும் இதேதான், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தூக்கத்தை வீட்டாரிடம் சொல்லாமல் இருப்பது

விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்குப் போகிறது, அதனால் வடசென்னையிலேயே இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விடியற்காலை நான்கு மணி டூட்டிக்கு மெட்ரோ ஓடாது, காரில் போனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை வேறு. அதைவிடப் பெரிது ஆடி மாதம். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், ஒலிபெருக்கி இரவெல்லாம் பாடும். அம்மன் திருவிழாவை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். பறந்துகொண்டிருந்த நாட்களில், மறுநாள் பறக்க வேண்டும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சாயங்காலமே பல்லாவரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். கூழ் மட்டும் தூக்குச்சட்டியில் கூட வரும்.