ஆராய்ச்சிச் செலவு முதலீடான கதை: கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) கணக்கை 1929-லிருந்தே திருத்தி வெளியிட்டது. 2012-ம் ஆண்டின் ஜிடிபி 15.68 லட்சம் கோடி டாலரிலிருந்து 16.24 லட்சம் கோடி டாலராக ஏறியது. கூடிய தொகையில் ஏறக்குறைய 40,000 கோடி டாலர் ஒரே ஒரு விதி மாற்றத்தால் வந்தது. அதுவரை நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவு, மின்கட்டணம், மூலப்பொருள் போல அந்த ஆண்டே தீர்ந்துபோகும் செலவாக இருந்தது. ஐ.நா.வின் 2008 தேசியக் கணக்கு முறை, அதை இயந்திரம், கட்டடம் போல மூலதன ஆக்கத்தில், அதாவது முதலீட்டில், சேர்க்கச் சொன்னது. மென்பொருளுக்கு அந்த இடம் 1993 முறையிலேயே கிடைத்துவிட்டது.

மாற்றம் நியாயமானதுதான். ஒரு மருந்தின் மூலக்கூறைக் கண்டுபிடித்த அறிவு பத்துப் பதினைந்து ஆண்டுகள் சம்பாதித்துக் கொடுக்கும்போது, அதை அந்த ஆண்டுச் செலவு என்று எழுதித் தள்ளுவது சரியில்லை. ஆனால் இந்த எண்களை வைத்துக் கட்டுரையோ ஆய்வறிக்கையோ எழுதுகிறவர்கள் சில இடங்களில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள்.

முதலாவதும் பெரியதும் இது: ஆராய்ச்சிக்குச் செலவான பணம் முழுவதும் ஜிடிபியில் புதிதாகக் கூடிவிட்டது என்று நினைப்பது. செலவு செய்தது யார் என்று பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தனியார் மருந்து நிறுவனம் தன் ஆய்வகத்தில் 100 கோடி ரூபாய் செலவழிக்கிறது. பழைய முறையில் அது இடைநிலை நுகர்வு, அதாவது உற்பத்தியின் வழியில் தீர்ந்துபோகும் செலவு, அதனால் ஜிடிபியில் தனியாகத் தெரியாது. புதிய முறையில் நிறுவனம் 100 கோடிக்கு ஒரு சொத்தை உற்பத்தி செய்து தானே வைத்துக்கொண்டதாகப் பொருள். ஜிடிபி முழுசாக 100 கோடி கூடும். அதே 100 கோடியை ஓர் அரசு ஆய்வகம் செலவழித்தால்? அது பழைய முறையிலும் அரசின் நுகர்வுச் செலவாக ஜிடிபிக்குள் இருந்தது. இப்போது நுகர்வுப் பத்தியிலிருந்து முதலீட்டுப் பத்திக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். புதிதாகக் கூடுவது, முந்தைய ஆண்டுகளின் அரசு ஆராய்ச்சி தேய்ந்ததற்கான தேய்மானத் தொகை மட்டும். அரசின் உற்பத்தியை அதன் செலவுகளைக் கூட்டித்தான் மதிப்பிடுகிறார்கள். தேய்மானமும் அதில் ஒரு செலவு.

இந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. 2020-21-ல் நம் மொத்த ஆராய்ச்சிச் செலவு ஜிடிபியில் 0.64 சதவீதம். அதிலும் தனியார் நிறுவனங்களின் பங்கு 36 சதவீதம் அளவுதான். பொதுத்துறைத் தொழில் நிறுவனங்களைச் சேர்த்தாலும் பாதியைத் தொடாது. ஆகவே இந்த விதி நம் ஜிடிபியை அமெரிக்காவைப் போல இரண்டரை சதவீதம் தூக்கிவிட வழியே இல்லை. 2015 ஜனவரியில் 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய ஜிடிபி தொடர் வந்தபோது 2013-14-ன் வளர்ச்சி 4.7 சதவீதத்திலிருந்து 6.9 ஆனது. இதை ஆராய்ச்சிச் செலவோடு முடிச்சுப் போடுவது தவறு. நிறுவனக் கணக்குகளுக்கான தரவு மூலமே அப்போது மாறியது. போதாக்குறைக்கு, 4.7 என்பது காரணிச் செலவில், அதாவது மறைமுக வரியைச் சேர்க்காமலும் மானியத்தைக் கழிக்காமலும், போட்ட கணக்கு, 6.9 என்பது இரண்டையும் கணக்கில் எடுத்துச் சந்தை விலையில் போட்டது.

ஜிடிபியின் அளவு கூடியதை வளர்ச்சி கூடியதாக எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே விதியைப் பின்னோக்கிப் போட்டால் எல்லாமே சேர்ந்து உயரும். வளர்ச்சி விகிதம் கொஞ்சம்தான் அசையும். பழைய தொடரின் ஓர் ஆண்டையும் புதிய தொடரின் அடுத்த ஆண்டையும் பக்கத்தில் வைத்து விகிதம் கண்டால் அது வளர்ச்சியே அல்ல.

அப்புறம், ஆராய்ச்சிச் செலவுக் கணக்கெடுப்பில் வரும் மொத்தத் தொகையை அப்படியே தூக்கி முதலீட்டுப் பத்தியில் போடுவது. அந்தக் கணக்கெடுப்பு, ஆராய்ச்சிச் செலவை அளப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான ஃப்ராஸ்காட்டி கையேட்டின் விதிப்படி நடப்பது. அதில் ஆய்வகக் கட்டடமும் கருவிகளும் வாங்கிய பணம் உள்ளே இருக்கும். தேசியக் கணக்கிலோ அவை ஏற்கெனவே கட்டடமாகவும் இயந்திரமாகவும் பதிவாகியிருக்கும். அதனால் அந்தப் பணத்தைக் கழித்துவிட்டு, அவற்றின் தேய்மானத்தைச் சேர்க்க வேண்டும். மென்பொருள் உருவாக்கத்துக்கான ஆராய்ச்சியும் இரண்டு இடத்தில் விழக்கூடியது. ஏதாவது ஒன்றில்தான் வைக்க வேண்டும்.

நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் பார்த்து இதைக் கூட்டவும் முடியாது. இந்தியக் கணக்குத் தரநிலை 38-ன்படி ஆராய்ச்சிக் கட்டச் செலவு நேரே லாப நட்டக் கணக்குக்குப் போகும். மேம்பாட்டுக் கட்டச் செலவு மட்டும், அதுவும் சில நிபந்தனைகள் நிறைவேறினால், சொத்தாகும். தேசியக் கணக்கு அப்படிப் பிரிப்பதில்லை. மருத்துவச் சோதனையில் தோற்றுப்போன மூலக்கூறுக்கான செலவும் அங்கே முதலீடுதான். எண்ணெய் தேடித் தோண்டிய வறண்ட கிணற்றின் செலவையும் இதே முறையில்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வென்ற ஒன்றின் விலையில் தோற்ற பலவற்றின் விலையும் அடங்கியிருக்கிறது.

தேய்மானத்தை விட்டுவிடுவதும் படத்தை வெகுவாகக் கெடுத்துவிடும். அறிவு துருப்பிடிப்பதில்லை, ஆனால் போட்டியாளர் முந்தினால் மதிப்பு போய்விடும். அமெரிக்கக் கணக்கில் மருந்து ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 10 சதவீதத் தேய்மானம், கணினிக் கருவி ஆராய்ச்சிக்கு 40 சதவீதம். ஆகவே ஜிடிபி எவ்வளவு கூடியது என்பதோடு நிற்காமல், தேய்மானம் போக நிகர உற்பத்தி எவ்வளவு கூடியது என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சொத்து எந்த நாட்டுக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பது. அயர்லாந்தின் 2015 ஜிடிபி வளர்ச்சி 26.3 சதவீதம் என்று 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது உலகமே திகைத்தது. அங்கே ஒரே ஆண்டில் ஆய்வகங்கள் முளைத்துவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்தை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றின. வேறு நாட்டில் ஒப்பந்தத்துக்குச் செய்து விற்ற பொருட்களின் வருவாயும் கூடவே அங்கே பதிவானது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிச் சொத்தை விலைக்கு வாங்கினால் முதலீடும் கூடும், இறக்குமதியும் அதே அளவு கூடும், அந்தக் காலாண்டின் ஜிடிபியில் மாற்றம் இருக்காது. முதலீட்டு எண்ணை மட்டும் பார்த்துத் தொழில் செழிக்கிறது என்று எழுதினால் தவறாகிவிடும்.

அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2017-ல் இதற்காகத் திருத்திய மொத்தத் தேசிய வருமானம் என்ற தனி அளவையை வெளியிட்டது. இடம் மாறி வந்த அறிவுசார் சொத்தின் தேய்மானம், குத்தகை விமானங்களின் தேய்மானம் போன்றவற்றை அது கழித்துவிடுகிறது. 2016-க்கு ஜிடிபி சுமார் 27,500 கோடி யூரோ, இந்த அளவையின்படி சுமார் 18,900 கோடி யூரோ. அயர்லாந்தின் கடன் விகிதத்தையோ ஆராய்ச்சிச் செலவு விகிதத்தையோ ஜிடிபியை வைத்துப் போட்டால், உண்மையில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். அந்த நாட்டுக்கு வகுக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணால்தான்.