ஷோப்ஸ்கா சாலட்: தட்டில் தண்ணீர் தேங்குவது ஏன்?

பல்கேரியாவில் கோடைக்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் மேசைக்கு வருவது ஷோப்ஸ்கா சாலட். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், வெங்காயம். அவற்றின்மேல் துருவிப் போட்ட சிரெனே என்ற வெள்ளைச் சீஸ். செய்முறை இவ்வளவுதான். ஆனாலும் வீட்டில் செய்யும்போது பலருக்குச் சற்று நேரத்திலேயே தட்டில் தண்ணீர் தேங்கி, சீஸ் ஊறிக் கூழாகிவிடுகிறது.

பெரும்பாலும் உப்புதான் காரணம். நறுக்கிய கையோடு உப்பைத் தூவிக் கிளறி வைத்தால் தக்காளியும் வெள்ளரியும் நீர் விடத் தொடங்கும். சிரெனேயோ உப்புநீரில் ஊறி முதிர்ந்த சீஸ். தனக்கு வேண்டிய உப்போடு சாலட்டுக்கு வேண்டியதையும் அதுவே கொண்டுவந்துவிடும். ஆகவே காய்களுக்கு ஒரு சிட்டிகை உப்பு, அதுவும் பரிமாறும்போது. பொடிப்பொடியாக நறுக்கினாலும் இதே கதைதான், வெட்டுவாய் கூடக்கூடச் சாறு கசியும். ஒரு வாய்க்கு ஒரு துண்டு என்ற அளவு சரி. நீர் விடாமலிருக்கட்டும் என்று செங்காய்த் தக்காளி வாங்காதீர்கள். நன்றாகப் பழுத்ததுதான் வேண்டும். அதை ஃப்ரிட்ஜில் வைத்தால் மணம் மங்கிப்போகும்.

குடைமிளகாயைப் பச்சையாகவும் போடுவார்கள், சுட்டும் போடுவார்கள். என் ஓட்டு சுட்டதற்கே. கத்தரிக்காய் சுடுவதுபோல் நேரடித் தீயில் தோல் கருகச் சுட்டு, பாத்திரத்தில் மூடிவைத்து, பிறகு உரியுங்கள். குழாய்த் தண்ணீரில் காட்டினால் சுட்ட வாசனையும் சேர்ந்து போய்விடும். முழுக்க ஆறியபிறகே மற்ற காய்களோடு சேர்க்கலாம். சூடாகப் போட்டால் வெள்ளரி துவண்டுவிடும்.

சிரெனே கிடைக்காவிட்டால் ஃபெட்டா என்ற கிரேக்கச் சீஸ் போதும். பனீர் சரிவராது, அதில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. எதுவானாலும் உப்புநீரை வடித்து, துணியால் ஒற்றி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு துருவுங்கள். காய்களைக் கலந்து முடித்தபின் மேலே குவித்தால் போதும், உள்ளே போட்டுக் கிளற வேண்டாம்.

பழங்காலக் கிராமத்துப் பண்டம், கையில் கிடைத்ததைச் சேர்க்கலாம் என்ற எண்ணமும் பிசகு. தலைநகர் சோபியாவைச் சுற்றி வாழும் ஷோப் மக்களின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இந்த வடிவம் 1950களில் பால்கன்டூரிஸ்ட் என்ற அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் கருங்கடற்கரை உணவகங்களில் உருவானது. வெள்ளை, பச்சை, சிவப்பு: பல்கேரியக் கொடியின் நிறங்களே தட்டிலும். மஞ்சள் குடைமிளகாயும் ஊதா முட்டைக்கோஸும் வந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். லெட்டூஸுக்கும் இங்கே வேலையில்லை. கொத்தமல்லித் தழையும் வேண்டாம், பார்ஸ்லிதான்.

எண்ணெய் விஷயத்தில் ஆலிவ் என்று கை நீளும். பல்கேரிய வீடுகளில் வழக்கமாகப் புழங்குவது சூரியகாந்தி எண்ணெய். விரும்பினால் சில சொட்டு வினிகர். இரண்டையும் சீஸ் தூவும் முன்பே காய்கள்மேல் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, இதைச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கையாக வைக்காதீர்கள். குடிப்பவர்கள் ரக்கியா என்ற குளிர்ந்த பழச் சாராயத்தோடு நிதானமாகத் தொடங்குவது இதில்தான். முக்கிய உணவு அதற்குப் பிறகு வந்தால் போதும்.