நடிகை போட்ட மாதிரியே டிரஸ் வேணும்னு பொண்ணு கேட்டா எப்படி பேசுறது

முதல்ல ஒன்னு, அவ போன்ல அந்த போட்டோவ காட்டினதும் "ச்சீ, இவளுக்கெல்லாம் வெக்கமே இல்லையா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நீங்க திட்டுறது அந்த நடிகைக்கு கேக்கப் போறதில்ல, பக்கத்துல நிக்கிற உங்க பொண்ணுக்குத்தான் கேக்கும், நாளைக்கு நான் ஏதாவது தப்பா போட்டுட்டா என்னையும் இப்படித்தான் பேசுவாங்கன்னு அவ மனசுல பதிஞ்சிடும், அப்புறம் வெளிய எவனாவது அவ டிரஸ்ஸ வச்சு சீண்டினாகூட உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டா.

அதுக்கு பதிலா அந்த டிரஸ் எப்படி நிக்குதுன்னு சேர்ந்து உக்காந்து பாருங்க. ரெட் கார்ப்பெட்ல போடுறது பெரும்பாலும் அவங்க சொந்த டிரஸ்ஸே கிடையாது, டிசைனர் இரவலா கொடுக்கிறது, ஃபங்ஷன் முடிஞ்சா திரும்பப் போயிடும். துணி நகராம இருக்க உள்பக்கம் டேப் போட்டு உடம்போட ஒட்டியிருப்பாங்க, வெறும் தோல்னு நாம நினைக்கிற இடத்துல பல சமயம் தோல் கலர்ல நெட் துணி இருக்கும். போட்டோவ ஜூம் பண்ணி தோள்பட்டை, இடுப்பு ஓரமா பாக்கச் சொல்லுங்க, சில போட்டோல அந்த நெட்டோட விளிம்பு லேசா மடிஞ்சு தெரியும், அவளே கண்டுபிடிச்சு சிரிப்பா. ஓ, இது வேலைக்கு போடுற காஸ்ட்யூம்னு புரிஞ்சுட்டாலே பாதி ஆசை அடங்கிடும்.

டிரஸ் விஷயத்துல தங்க நம்பிக்கைய விட்டுக்கொடுக்க மாட்டேன்னு நின்ன பிரபலங்களும் இருக்காங்கல்ல, அதையும் சொல்லுங்க. ஹலீமா ஏடன்னு ஹிஜாப் போட்ட மாடல், பெரிய பெரிய பத்திரிகை அட்டையிலெல்லாம் வந்தவங்க, தலையில ஸ்கார்ஃபுக்கு பதிலா ஜீன்ஸ சுத்தி விட்ட போட்டோஷூட் வரைக்கும் போயி, கடைசியில 2020ல என் மார்க்கத்துக்கு இது ஒத்துவரலன்னு ராம்ப் வாக்கையே விட்டுட்டாங்க. வாள்சண்டை வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மது 2016 ரியோ ஒலிம்பிக்ல ஹிஜாபோடவே ஆடி டீமோட வெண்கலம் வாங்கினாங்க.

வேதத்த எடுத்தா முழுசா எடுங்க. குர்ஆன்ல 24வது அத்தியாயம் 30வது வசனம் பார்வைய தாழ்த்திக்கோன்னு முதல்ல ஆம்பளைங்களுக்குத்தான் சொல்லுது, பொம்பளைங்களுக்கு அடுத்த வசனம். பைபிள்ல 1 தீமோத்தேயு 2:9 அடக்கமா உடுத்தச் சொல்றப்போ பொன், முத்து, விலை ஒசந்த துணி வேண்டாம்னும் சேர்த்தே சொல்லுது, அதாவது பகட்டும் கணக்குல வரும். முழுக்க மூடின டிரஸ்தான், ஆனா உடம்பெல்லாம் ஜிகுஜிகுன்னு விலைய காட்டிட்டு நின்னா அது எந்த ஊரு அடக்கம்? தம்பிக்கு ஒரு நியாயம் அக்காவுக்கு ஒரு நியாயம்னு வச்சீங்கன்னா பொண்ணு மதத்து மேலயே கோவப்படுவா, அவ மேல தப்பு சொல்ல முடியாது.

கடைக்கு போறப்போ உங்க கண்ண அளவுகோலா வைக்காதீங்க, டிரையல் ரூம்ல அவளையே செக் பண்ண விடுங்க. துணிக்குள்ள கைய விட்டு லைட்டுக்கு நேரா புடிச்சா விரல் தெரியுதா, ரெண்டு கையையும் தூக்கினா இடுப்பு தெரியுதா, குனிஞ்சா கழுத்து தொங்குதா, உக்காந்தா எவ்ளோ மேல ஏறுது. இதுல பாஸ் ஆச்சுன்னா கலர், டிசைன், ஸ்டைல் எல்லாம் அவ இஷ்டம், அங்க மூக்க நுழைக்காதீங்க ப்ளீஸ். ஸ்லீவ் மட்டும்தான் பிரச்சனைன்னா உள்ள ஒரு ஃபுல் ஹேண்ட் டாப் போட்டா போச்சு, அதுக்காக டிரஸ்ஸையே வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல.

சொந்தக்காரங்க யாராவது எல்லார் முன்னாடியும் அவ டிரஸ்ஸ பத்தி கமெண்ட் அடிச்சா அங்கயே "அது நானும் அவளும் சேர்ந்து பாத்து எடுத்தது"ன்னு சொல்லி முடிச்சிடுங்க, நிஜமாவே ஏதாவது சரி பண்ணணும்னா வீட்டுக்கு வந்து அவகிட்ட தனியா பேசிக்கலாம்.