ஆட்டம் இல்லாத நாட்கள்: விளையாட்டு அனிமேயின் துணைப் பாத்திரங்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு போட்டித் தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள காலத்தை, விளையாட்டுக் கதை எழுதப் புகும் பலர் விரைவாகத் தாண்டிவிட வேண்டிய பகுதியாகவே கருதுகிறார்கள். விறுவிறுப்பான இசைக்கு நடுவே சில ஓட்டங்கள், கொஞ்சம் வியர்வை, ஒரு சூரிய அஸ்தமனம் ஆகியவற்றைக் காட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்தில் எல்லோரையும் முன்னைவிட வலிமையானவர்களாக நிறுத்திவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. நாயகனுக்கு ஆட்டக்களத்திலேயே போதிய நேரம் கிடைத்துவிடும். துணைப் பாத்திரங்களுக்கோ இந்த இடைக்காலத்தை விட்டால் தம்மைப் பற்றிப் பேச வேறு இடம் அநேகமாக இல்லை.

இதை விளக்க, ஹருயிச்சி ஃபுருடாடே 2012 முதல் 2020 வரை வரைந்த மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதையை) தழுவி, 2014-இல் அனிமேயாக, அதாவது அசைவூட்டத் தொடராக, ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஹைக்யூ’வைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. முதல் சீசனில் மியாகி மாநிலத்தின் கராசுனோ பள்ளிக் கைப்பந்து அணி, ஆபா ஜோசாய் அணியிடம் தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறுகிறது. இரண்டாம் சீசனின் முற்பகுதி முழுவதும் அந்தத் தோல்விக்குப் பிந்தைய நாட்களையும், டோக்கியோ வட்டாரப் பள்ளிகளுடன் நடக்கும் பயிற்சி முகாமையும் பற்றியது.

அடுத்து வரக்கூடிய எதிரிக்கு என்ன திறன் தேவை என்று யோசித்து, அதை யாராவது ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுவது இரண்டாவது தவறு. திறன் அந்தப் பாத்திரத்தின் பழைய தோல்வியிலிருந்து பிறக்க வேண்டும். கராசுனோவின் முதலாண்டு மாணவர் நால்வரில் தொடக்க அணியில் இடம் பெறாத ஒரே ஒருவன் யமகுச்சி. அந்தக் குறையால்தான் அவன் பல்பொருள் அங்காடியில் வேலை செய்யும் முன்னாள் வீரர் ஷிமாதாவைத் தேடிப் போய், காற்றில் தடுமாறி வரும் சர்வீஸைக் கற்றுக்கொள்கிறான். முதல் வாய்ப்பில் பந்து வலையைத் தாண்டவில்லை. பிறகு வாகுதானி மினாமி அணியுடன் நடந்த ஆட்டத்தில், அச்சத்தால் அந்த சர்வீஸை விட்டுவிட்டுப் பாதுகாப்பாக அடித்து, அந்தக் கோழைத்தனத்துக்காக வெட்கப்படுகிறான். ஆபா ஜோசாய்க்கு எதிராக அவன் கடைசியில் வெல்லும்போது நம் தொண்டை அடைப்பதற்கு அந்த வெட்கமே காரணம். அவன் நல்ல சர்வீஸ் போட்டான் என்பதால் மட்டும் அந்த உணர்ச்சி வந்துவிடாது.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பயிற்சி முகாமிலேயே பாத்திரத்தின் மனப்போராட்டத்தைத் தீர்த்து முடித்துவிடுகிறார்கள். யமகுச்சியின் நண்பனும் அணியின் இன்னொரு முதலாண்டு மாணவனுமான சுகிஷிமாவைப் பாருங்கள். அவனுடைய அண்ணன் அகிதேரு, கராசுனோவில் தான் முதன்மை ஆட்டக்காரன் என்று தம்பியிடம் பொய் சொல்லி வந்தவன். ஆட்டம் பார்க்கப் போன சிறுவன், களத்தில் இருக்க வேண்டிய அண்ணனைப் பார்வையாளர் வரிசையில் கண்டுவிட்டான். அன்றிலிருந்து முயற்சி என்பதே ஏமாற்றத்தில் முடியும் என்று நம்புகிறவனை, முகாமில் ஓர் இரவு யமகுச்சி சட்டையைப் பிடித்து, தன்மானத்தைத் தவிர வேறென்ன காரணம் வேண்டும் என்று கத்துகிறான். அந்த அத்தியாயத்தின் தலைப்பே நிலவு எழுவதைக் குறிப்பது. சுகிஷிமாவின் பெயரிலும் நிலவு இருக்கிறது. திறமை குறைந்த நண்பனின் வாயிலிருந்து வருவதால்தான் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை.

ஆனால் அந்தக் கத்தலோடு சுகிஷிமா மாறிவிடுவதில்லை. அவன் முகாமுக்கு வந்த டோக்கியோ அணிகளின் தலைவர்களான குரோவையும் பொகுட்டோவையும் தேடிப் போய், இது வெறும் பள்ளிச் சங்க விளையாட்டுதானே, ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று கேட்கிறான். தன் அடி பலித்த அந்த ஒரு கணத்தை உணர்ந்தவனுக்குத்தான் இது புரியும் என்ற பொருளில் பொகுட்டோ பதில் சொல்கிறான். அந்தக் கணம் முகாமில் வருவதில்லை. 2015-இன் பிற்பகுதியில் விதைத்த அந்தச் சொல், ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒளிபரப்பான மூன்றாம் சீசனில்தான் முளைக்கிறது. ஷிராடோரிசாவா பள்ளி அணிக்கு எதிரான இரண்டாம் செட்டின் முடிவில், அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரன் உஷிஜிமாவின் அடியைத் தடுத்துச் சுகிஷிமா கை முஷ்டியை இறுக்கி முழங்கும்போதுதான் பதில் முழுமையாகிறது. கேள்வியை முகாமில் எழுப்பி, விடையை ஆட்டத்துக்கு விட்டுவைத்த பொறுமையைத்தான் நாம் கற்க வேண்டும்.

பயிற்சியில் இறங்கியதுமே வெற்றி தொடங்கிவிடுவதாகக் காட்டுவதும் இதனோடு தொடர்புடைய பிழையே. டோக்கியோ முகாமில் கராசுனோ பெரும்பாலான ஆட்டங்களில் தோற்கிறது. தோற்றவர்களுக்கான தண்டனையை மீண்டும் மீண்டும் செய்கிறது. புதியவற்றை முயல்பவர்கள் முதலில் பழையதையும் கெடுத்துக்கொள்வார்கள் என்பது விளையாடியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

விளையாடாத பாத்திரங்களைத் தகவல் சொல்லும் கருவியாக மட்டும் பயன்படுத்தக் கூடாது. புதிய மேலாளராக வரும் யாச்சிக்கு ஆட்ட விதிகளே தெரியாது என்பதால், விளக்கங்கள் இயல்பாக நுழைய அவள் வழி செய்கிறாள். ஆனால் கதை அதோடு நிற்பதில்லை. தன்னை ஒரு கதையில் வரும் பெயரற்ற கிராமவாசியாக எண்ணிச் சுருங்கியிருந்த பெண், தான் மேலாளராகப் போவதைத் தன் தாயிடம் உரக்க அறிவிக்கும் இடம் எந்த ஆட்டத்துக்கும் குறைந்ததன்று. கதையின் நாயகன் ஹினாதாவும் அவனுடைய அணித்தோழன் ககெயாமாவும் கைகலக்கும் இரவில், ஓடிப்போய் மூத்த மாணவன் தனாகாவை அழைத்து வருபவளும் அவளே.

எதிரணியினரை அடுத்த ஆட்டம் வரை உறையவைப்பது இன்னொரு தவறு. நான்காம் சீசனின் தொடக்கத்தில், அழைக்கப்படாத முகாமுக்குள் நுழைந்து பந்து பொறுக்கும் ஹினாதா, இரண்டு மீட்டர் உயரமுள்ள ஹியாகுசாவாவைச் சந்திக்கிறான். முன்பு கராசுனோவிடம் தோற்ற அவன், உயரத்தைத் தவிரத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று சோர்ந்திருக்கிறான். உயரமில்லாத ஹினாதா அவனுக்குத் தெம்பூட்டும் அந்தச் சில நிமிடங்கள், வீரர்கள் நம் பார்வைக்கு வெளியிலும் வாழ்கிறார்கள் என்பதை நமக்கு உணர்த்துகின்றன.

ஆட்டத்தின் நடுவே பிளாஷ்பேக் வைப்பதே பிழை என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. தலைவன் தாய்ச்சி காயமுற்று வெளியேறும்போது உள்ளே வரும் என்னோஷிதா, ஒருகாலத்தில் பயிற்சியின் கடுமை தாங்காமல் ஓடிப்போனவன். அந்த நினைவு அப்போதுதான் காட்டப்படுகிறது, ஆயினும் பொருந்துகிறது. ஏனெனில் மறுபடியும் ஓடிவிடுவேனோ என்ற அச்சம் அவனுக்கு அந்த நொடியிலேயே எழுகிறது. அடுத்த புள்ளியை அவன் வெல்ல வேண்டும் என்பதற்காகவே ஒரு சோகக் கதையை நினைவூட்டும்போதுதான் பார்ப்பவர் விலகிப்போகிறார்.

கடைசியாக, எல்லோருக்கும் சம நேரம் தர முயலாதீர்கள். சுகிஷிமாவுக்கு அத்தியாயங்கள் கிடைத்த அதே முகாமில், அணியின் லிபரோவான (தற்காப்புக்கென்றே ஆடும் பின்வரிசை வீரனான) நிஷினோயாவுக்குச் சில காட்சிகளே கிடைக்கின்றன. முன்வரிசைப் பகுதியில் நின்று லிபரோ விரல்களால் பந்தை உயர்த்திக் கொடுத்தால், அதை வலைக்கு மேலிருந்து அடிக்க விதி அனுமதிக்காது; எனவே அவன் கோட்டுக்குப் பின்னாலிருந்து குதித்து, தரைதொடும் முன் பந்தைத் தூக்கிக் கொடுக்கப் பழகுகிறான், தவறுகிறான், மீண்டும் குதிக்கிறான்.